கொடுப்போரும் கொள்வோரும் ஒருவரே: இலா பட்டின் சேவா இயக்கமும் பரஸ்பர உதவியின் பொருளியலும்

தாராள மனம் என்பதைக் கொடுப்பவரின் நற்குணமாகக் கருதுவதே பொதுவழக்கு. உடையவர் இல்லாதவருக்குக் கொடுக்கிறார். பெற்றவரின் அன்றைய தேவை தீர்கிறது, கொடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கொடைக்குப் பிறகும் இருவரும் முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறார்கள் என்பதும், மறுநாள் தேவை எழும்போது பெற்றவர் மீண்டும் அதே வாசலில் நிற்க நேர்கிறது என்பதும் அறக்கொடையைப் பற்றிய உரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கேள்வியை நூலறிவின் வழியாக மட்டுமன்றி, சுமைதூக்கும் பெண்கள், தெருவில் காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர், பழைய துணி வியாபாரம் செய்வோர் ஆகியோருடன் அரை நூற்றாண்டு நடத்திய நிறுவனப் பணியின் வழியாகவும் ஆராய்ந்தவர் இலா பட் (1933–2022). குஜராத்தின் அகமதாபாத்தில் 1972ஆம் ஆண்டு அவர் தொடங்கிய சுயதொழில் மகளிர் சங்கம், அதன் சுருக்கப் பெயரால் ‘சேவா’ என்று அறியப்படுகிறது.

சமூகத் தொழில்நிறுவனம் என்ற தொடர் இன்று பெருவழக்காகிவிட்டது. ஒரு சமூகத் தேவையை நிறைவேற்றுவதை முதல் நோக்கமாகக் கொண்டு, அதற்காகும் செலவை நன்கொடையை மட்டும் நம்பியிராமல் தன் தொழில் வருவாயிலிருந்து ஈட்டிக்கொள்ளும் அமைப்பையே அது குறிக்கிறது. அந்தத் தொடர் பரவலாவதற்கு முன்பே அத்தகைய அமைப்புகள் பலவற்றைப் பட் உருவாக்கினார். எனினும் அவற்றின் உரிமையாளராகத் தம்மை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தாராளம் நிலைக்க வேண்டுமானால் அது பங்கு, வாக்கு, கணக்கு ஆகிய மூன்றின் வடிவத்தையும் பெற வேண்டும் என்பதும், உதவி பெறுபவரே உதவும் அமைப்பின் உடைமையாளராக வேண்டும் என்பதும் அவருடைய எழுத்திலிருந்தும் செயலிலிருந்தும் பெறப்படும் முடிவுகளாகும். இக்கட்டுரை அந்த முடிவுகள் உருவான வழியையும், அவற்றின் வலிமையையும் எல்லையையும் ஆராய்கிறது.

கொடை, கைம்மாறு, அறங்காவல்

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற ஆய்வில், கைம்மாறு கருதாத கொடை என்று தூயநிலையில் ஒன்று பழங்குடிச் சமூகங்களில் இருந்ததில்லை என்றும், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்று கடமைகளும் சேர்ந்தே மனித உறவுகளைப் பிணைத்தன என்றும் வாதிட்டார். திருப்பித் தர வழியில்லாதவருக்குத் தரப்படும் கொடை அவரைத் தாழ்த்துகிறது என்ற அவருடைய கருத்து, தொண்டு நிறுவனங்களின் வரலாற்றை மதிப்பிடுவதற்கு இன்றும் உதவுகிறது. அவருக்கு முன்பே ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கின், 1902இல் நூலாக வந்த தம் கட்டுரைத் தொகுப்பில், போட்டியைப் போலவே பரஸ்பர உதவியும் உயிரினங்களின் நிலைபேற்றுக்கு அடிப்படையானது என்று காட்ட முயன்றிருந்தார்.

பட் வளர்ந்த சூழலில் இவற்றைவிட அருகிலிருந்தது காந்தியின் அறங்காவலர் கொள்கை. செல்வர் தம்மிடமுள்ள செல்வத்துக்குத் தாம் காவலர் மட்டுமே என்று எண்ணி, அதைச் சமூகத்தின் பொருட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தக் கொள்கையின் சோதனைக்களமாக அகமதாபாத் விளங்கியது. 1918இல் அந்நகர நெசவாலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, ஆலை முதலாளிகளின் தலைவராக அம்பாலால் சாராபாயும் தொழிலாளர் பக்கத்தில் அவருடைய தமக்கை அனசூயா சாராபாயும் நின்றனர். காந்தி உண்ணாநோன்பு மேற்கொண்டார். பிணக்கு நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டு 35 விழுக்காடு உயர்வு கிடைத்தது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1920இல் உருவானதே மஜூர் மகாஜன் சங்கம் எனப்படும் நெசவுத் தொழிலாளர் சங்கம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பத்தினர் என்ற எண்ணமும், பிணக்குகளைப் பேச்சின் மூலமும் நடுவர் மூலமும் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையும் அதன் அடித்தளங்கள்.

சூரத்தில் வழக்கறிஞர் குடும்பம் ஒன்றில் வளர்ந்து, சட்டம் பயின்ற இலா பட், 1955இல் இந்தச் சங்கத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். 1968இல் அதன் மகளிர் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. ஆலைத் தொழிலாளர்களின் மனைவியருக்குத் தையலும் பின்னல் வேலையும் கற்றுத்தருவது அப்பிரிவின் முதன்மைப் பணியாக இருந்தது. நல்லெண்ணத்தில் குறைவில்லாத ஏற்பாடுதான் அது. ஆனால் பெண்ணைத் தொழிலாளியின் மனைவியாகப் பார்த்ததேயன்றித் தொழிலாளியாகப் பார்க்கவில்லை. ஆலைகள் மூடப்பட்டு ஆண்கள் வேலையிழந்த வீடுகளில், பொறுக்கியும் விற்றும் சுமந்தும் தைத்தும் அடுப்பெரியச் செய்தவர்கள் அந்தப் பெண்களே என்பதைப் பட் நேரில் கண்டார். அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்தத் தொழிலாளர் சட்டமும் அவர்களைத் தொடவில்லை. அவர்களுக்கு அறங்காவலராக இருக்கத்தக்க முதலாளி என்று ஒருவர்கூட இல்லை. அறங்காவலர் கொள்கையின் எல்லை பட்டுக்குத் தெரியத் தொடங்கிய இடம் இதுவென்று கொள்ளலாம்.

முதலாளி இல்லாத தொழிற்சங்கம்

1971இல் அகமதாபாத் துணிச்சந்தையில் மொத்த விற்பனைக் கடைகளிலிருந்து சில்லறைக் கடைகளுக்குத் துணிப்பொதிகளைத் தலையில் சுமந்து சென்ற பெண்கள், தம் கூலியைப் பற்றிப் பட்டிடம் முறையிட்டனர். எடைக்கோ தொலைவுக்கோ ஏற்ற கூலி இல்லை. எத்தனை நடை நடந்தார்கள் என்பதற்குக் கணக்கும் இல்லை. அவர்களுடைய நிலையைப் பட் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். அதை மறுத்த வணிகர்கள், தாங்கள் நியாயமான கூலி தருவதாக விளக்கம் வெளியிட்டனர். சங்கம் அந்த விளக்கத்தையே சிறு அட்டைகளில் அச்சிட்டுப் பெண்களின் கையில் கொடுத்தது. வணிகர் தம் வாயால் ஒப்புக்கொண்ட கூலியை அந்த அட்டையைக் காட்டிக் கேட்கப் பெண்கள் முன்வந்தனர். சந்தையின் இரக்கத்தை நம்பியிருந்த ஓர் உறவு, எழுத்தில் உள்ள ஓர் உறுதிமொழியாக இவ்வாறு மாறியது.

இச்செய்தி பரவவே, பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கி, அதைச் செப்பனிட்டு விற்கும் பெண்களும் வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் பொதுப் பூங்கா ஒன்றில் நடந்த கூட்டத்தில், தமக்கென ஒரு சங்கம் வேண்டும் என்ற யோசனை அப்பெண்களின் நடுவிலிருந்தே எழுந்தது. 1972 ஏப்ரலில் சேவா தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. பதிவு எளிதில் கிடைக்கவில்லை. முதலாளி இல்லாதபோது சங்கம் யாரை எதிர்த்துப் போராடும் என்று தொழிலாளர் துறை கேட்டது. தொழிற்சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டுமன்று, தொழிலாளர் தம்முள் ஒன்றுபடுவதற்காகவும்தான் என்று சேவா விடையளித்தது.

இந்த விடையில் உள்ள கருத்து, மேலோட்டமாகத் தோன்றுவதைவிட ஆழமானது. வழக்கமான தொழிற்சங்கம், பேரம்பேசி மேலிருந்து ஒரு பங்கைப் பெற்று உறுப்பினருக்குத் தருகிறது. மேலே பேரம்பேச எவரும் இல்லாத இடத்தில், உறுப்பினர் ஒருவருக்கொருவர் எதைத் தர இயலும் என்பதே கேள்வியாகிறது. ஏழையிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்ற பொதுப்புத்தியின் எண்ணத்துக்கு, பத்து ரூபாயும் ஒரு வாக்கும் நம்பகமும் இருக்கின்றன என்று சேவா விடை கண்டது.

பத்து ரூபாய்ப் பங்கு

இந்தியாவில் 1969இல் பெரிய வங்கிகள் 14 நாட்டுடைமை ஆக்கப்பட்ட பின்னர், ஏழைகளுக்கும் வங்கிக் கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. சேவாவும் முதலில் தன் உறுப்பினரை அவ்வங்கிகளிடமே அனுப்பியது. ஆனால் வியாபார நேரமும் வங்கி நேரமும் ஒன்றாக இருந்ததும், கையில் குழந்தையோடும் அழுக்கேறிய உடையோடும் வந்தவர்களை வங்கி ஊழியர் மதிக்காததும், எழுதப் படிக்கத் தெரியாமையும் அந்த ஏற்பாட்டைத் தடுமாறச் செய்தன. வெளியே கந்துவட்டிக்காரர்கள் இருந்தனர். காலையில் ஐம்பது ரூபாய் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் ஐம்பத்தைந்தாகத் திருப்பித் தரும் கடன் தெருவியாபாரிகளிடையே வழக்கமாக இருந்தது. ஒரு நாளுக்குப் பத்து விழுக்காடு வட்டி என்பது உழைப்பின் பலனை அன்றாடம் அப்படியே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகும்.

1973இன் இறுதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், நாமே ஒரு வங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று பழைய துணி வியாபாரிப் பெண் ஒருவர் கேட்டார். பணம் இல்லையே என்ற தயக்கத்துக்கு, ஏழைகளாக இருந்தாலும் நாம் எத்தனையோ பேர் இருக்கிறோமே என்ற பொருளில் விடை வந்தது. 2006இல் வெளியான தம் நூலுக்குப் பட் சூட்டிய தலைப்பும் இந்தக் கருத்தையே தாங்கி நிற்கிறது. சுமார் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் செலுத்த, 1974இல் ஸ்ரீ மகிளா சேவா கூட்டுறவு வங்கி உருவாயிற்று. எழுத்தறியாதவர்கள் வங்கி நடத்துவதைப் பதிவு அதிகாரிகள் ஐயத்தோடு பார்த்தபோது, நிறுவன உறுப்பினரான பதினைந்து பெண்கள் இரவு முழுவதும் பழகித் தம் பெயரைக் கையெழுத்திடக் கற்றுக்கொண்டு, பதிவாளர் முன் சென்று ஒப்பமிட்டனர். எழுத்தறியாத வாடிக்கையாளரை அடையாளம் காண்பதற்கு, கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் ஏந்திய நிழற்படம் கணக்குப் புத்தகத்தில் ஒட்டப்பட்டது.

கூட்டுறவு வங்கியின் அமைப்பு இங்கே சற்று விளக்கத்துக்குரியது. தனியார் வங்கியில் வாடிக்கையாளர் வேறு, உரிமையாளர் வேறு; கடன் வட்டியிலிருந்து வரும் ஆதாயம் உரிமையாளரைச் சேரும். கூட்டுறவு வங்கியில் பங்கு வாங்கியவரே சேமிப்பவர், அவரே கடன் பெறுபவர், பொதுக்குழுவில் வாக்களிப்பவரும் அவரே. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். இன்று சேமிப்பவரின் பணத்தில் நாளை மற்றொருவர் கடன் பெறுகிறார். அவர் திருப்பித் தருவதில் முதலாமவரின் முறை வருகிறது. கொடுப்பவர், கொள்பவர் என்ற நிரந்தரப் பிரிவினை இங்கே இல்லை. மோஸ் விவரித்த மூன்று கடமைகளும் கணக்கேட்டின் வரிகளாக இங்கே எழுதப்பட்டுவிடுகின்றன. ஆகவே பெறுவதில் தாழ்வு இல்லை, தருவதில் தற்பெருமைக்கும் இடமில்லை.

அடகு வைத்த நகையை மீட்கவும், கைவிட்டுப்போன நிலத்தை மீட்கவும், வீட்டைச் செப்பனிடவும் வங்கி கடன் தந்தது. அவ்வாறு மீட்கப்படும் நிலமும் வீடும் பெண்ணின் பெயரில் பதிவாக வேண்டும் என்பதில் சேவா கருத்தாக இருந்தது. கணவரின் பெயரில் உள்ள வீட்டில் உழைத்து வாழும் பெண்ணுக்குத் தானாகக் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் எதுவும் இல்லை என்பதால், தாராளம் என்பதே அவளுக்கு எட்டாத ஒன்றாகிவிடுகிறது. உடைமை இருந்தால்தான் உதவ முடியும் என்ற எளிய உண்மை இந்த நடைமுறையின் பின்னே உள்ளது.

இடரைப் பகிர்தல்

வங்கி தொடங்கிய பிறகு, சிலரால் தவணை கட்ட இயலாமல் போனதன் காரணம் ஆராயப்பட்டது. ஏமாற்றும் எண்ணத்தைவிட நோயும், பேற்றுக்கால இறப்பும், பொருள் இழப்புமே அதற்குப் பெருங்காரணங்களாகத் தெரிந்தன. இந்த அறிதல் சேவாவின் அடுத்தடுத்த அமைப்புகளுக்கு வித்திட்டது. பேறுகால உதவித் திட்டம், உழைக்கும் பெண்களின் குழந்தைகளுக்கான காப்பகங்கள், உடல்நலக் கூட்டுறவு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. 1992இல் விமோ சேவா என்ற காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. காப்பீடு என்பது ஒருவருக்கு எப்போது வரும் என்று தெரியாத இழப்பைப் பலரும் சிறுதொகை செலுத்தி முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகும். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் தெருவே கூடி உதவும் வழக்கம் இந்தியக் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் வெள்ளமோ வறட்சியோ வந்து தெரு முழுதும் ஒரே நாளில் பாதிக்கப்படும்போது அந்த வழக்கம் செயலிழந்துவிடுகிறது. பல மாவட்டங்களில் பரவிய உறுப்பினரைக் கொண்ட ஒரு பொது நிதி அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. அண்டையாரின் இயல்பான இரக்கத்துக்கு மாற்றாக நிறுவனம் வரவில்லை. அந்த இரக்கம் எட்டாத தொலைவுக்கு அது கையை நீட்டித் தந்தது.

சேவா தன் பணியை மதிப்பிடுவதற்குப் பதினொரு கேள்விகளை வகுத்துக்கொண்டது. உறுப்பினரின் வேலைவாய்ப்பும் வருமானமும் உயர்ந்தனவா, சத்துள்ள உணவு கிடைக்கிறதா, உடல்நலமும் குழந்தைக் காப்பும் வீட்டு வசதியும் மேம்பட்டனவா, சொத்து கூடியதா, அமைப்பின் வலிமை வளர்ந்ததா, தலைமைத்திறன் பெருகியதா, தனியாகவும் கூட்டாகவும் தற்சார்பு வந்ததா, கல்வி கூடியதா என்பன அவை. எவ்வளவு நிதி செலவிடப்பட்டது என்ற, தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் முதலிடம் பெறும் கேள்வி இப்பட்டியலில் இல்லை. கொடுத்தவரின் கணக்கிலிருந்து தொடங்காமல் வாழ்பவரின் நிலையிலிருந்து அளக்கும் முறை இது.

பரஸ்பரம் சோதனைக்குள்ளாகும்போது

ஒரே தரப்பினர் ஒருவருக்கொருவர் உதவுவது எளிது. வேறுபட்டவர்களிடையே அது நிலைக்கிறதா என்பதே உரைகல். சேவாவின் உறுப்பினரில் தலித்துகளும் முஸ்லிம்களும் பிற சாதியினரும் ஒரு கூரையின் கீழ் இருந்தனர். 1981இல் குஜராத்தில் மருத்துவக் கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, தாக்கப்பட்ட தலித்துகளுக்கு ஆதரவாகப் பட் வெளிப்படையாகப் பேசினார். தாய்ச்சங்கமான மஜூர் மகாஜன் இதை விரும்பாததால், அவ்வாண்டே சேவா அதிலிருந்து வெளியேற்றப்பட்டது. கட்டடமும் பின்பலமும் கைவிட்டுப் போயின. வங்கியும் கூட்டுறவுகளும் உறுப்பினரின் பங்கில் நின்றதால் இயக்கம் பிழைத்தது. உதவியளித்து வளர்த்த அமைப்புடன் கருத்து மாறுபட்டும் உயிர்வாழ முடிந்தது என்பதே, உடைமையின் பயனுக்கு அந்நிகழ்ச்சி தரும் சான்று.

2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது, கூடாரங்களோடும் உணவோடும் சென்ற சேவா பணியாளரிடம், வேலை கொண்டுவந்தீர்களா என்று பூவேலைப்பாடு செய்யும் கைவினைப் பெண்கள் கேட்டார்கள் என்பதைப் பட் பதிவு செய்திருக்கிறார். துணியும் நூலும் ஊசியும் நிவாரணப் பொருளாகச் சென்றன. மறுஆண்டு குஜராத்தில் நடந்த வகுப்புக் கலவரத்தின் பின்னரும் நிவாரண முகாம்களில் உணவோடு சேர்த்து வேலையும் தரப்பட்டது. பேரிடரில் உணவும் உறைவிடமும் தருவது முதல் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றாடம் உழைத்து உண்பவரை நெடுநாள் பெறுபவராக மட்டும் வைத்திருப்பது அவருடைய இழப்பை நீட்டிக்கிறது என்பதை அப்பெண்களின் கேள்வி உணர்த்தியது.

உடைமை இல்லாத கூட்டுப்பொறுப்பு

பரஸ்பர உதவி என்ற சொல்லைப் பயன்படுத்தும் எல்லா ஏற்பாடுகளும் இத்தன்மையன அல்ல. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையில் கடன் தரும் நுண்கடன் நிறுவனங்கள் 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் ஆந்திரத்தில் வேகமாகப் பெருகின. அவற்றுள் மிகப்பெரியதான எஸ்கேஎஸ் மைக்ரோஃபைனான்ஸ் 2010இல் பங்குச்சந்தையில் நுழைந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கடன் வசூல் நெருக்கடிகளையும் தற்கொலைச் செய்திகளையும் தொடர்ந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. அங்கே இருந்ததும் பெண்கள் குழுதான்; அண்டை வீட்டாருக்கு அண்டை வீட்டார் பிணை நின்றதும் உண்மைதான். ஆனால் ஆதாயம் முதலீட்டாளருக்கும் இடர் குழுவுக்கும் சென்றன. தோழமை அங்கே ஈட்டுப்பொருளாக மாற்றப்பட்டது. வாரந்தோறும் கூடிய கூட்டம் உதவிக்காக அன்றி நெருக்குவதற்காகக் கூடுவதாயிற்று. உடைமையும் வாக்கும் இல்லாத கூட்டுப்பொறுப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இது எச்சரிக்கையாக உள்ளது.

சேவாவோடு ஒப்புநோக்கத் தக்க முயற்சி ஒன்று தமிழகத்திலேயே நடந்தது. காங்கிரஸ் அரசியலில் இருந்த ஜெயா அருணாசலம், 1978இல் சென்னையில் உழைக்கும் பெண்கள் அமைப்பு என்ற பொருள்படும் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ என்பதைத் தொடங்கினார். குடிசைப் பகுதிகளில் பூ, மீன், காய்கறி விற்கும் பெண்கள் அக்கம்பக்கத்தவராகக் குழு சேர்ந்து, முதலில் நாட்டுடைமை வங்கிகளில் குறைந்த வட்டிக் கடன் பெற்றனர். வங்கிகளின் நடைமுறையில் அகமதாபாத் கண்ட அதே இடர்ப்பாடுகளை இங்கும் சந்தித்த பின்னர், 1981இல் தமக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்துக்கொண்டனர். இரு நகரங்கள், இரு மொழிகள், இரண்டு விதமான தலைமைகள் ஆயினும், வெளிக்கடனில் தொடங்கிய பெண்கள் சொந்த வங்கியில் வந்து நின்றனர் என்ற ஒற்றுமை தற்செயலானதாகத் தோன்றவில்லை.

அனுபந்த்: நூறு மைல் வட்டம்

தம் வாழ்வின் பிற்பகுதியில் பட் இந்த அனுபவத்தைப் பொதுக் கோட்பாடாக வடிக்க முயன்றார். 2015இல் வெளிவந்த ‘அனுபந்த்’ என்ற நூலில் அது விரிவாகப் பேசப்படுகிறது. ஒருவரோடு ஒருவரும், மனிதர் இயற்கையோடும், இன்றைய தலைமுறை வரும் தலைமுறையோடும் கொண்டுள்ள பிணைப்பை அவர் அனுபந்த் என்று குறிப்பிட்டார். உணவு, உடை, உறையுள், அடிப்படைக் கல்வி, அடிப்படை மருத்துவம், அடிப்படை வங்கிச் சேவை ஆகிய ஆறும் ஒருவர் வாழும் இடத்திலிருந்து நூறு மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர், தொலைவுக்குள்ளேயே பெரும்பாலும் கிடைக்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த கருத்து. நூறு என்ற எண்ணைக் கறாரான எல்லையாக அவர் கொள்ளவில்லை. உண்பவர் விளைவிப்பவரை அறிந்திருக்கத்தக்க தொலைவே அதன் உட்பொருள்.

இங்கே தாராளம் என்பதற்குப் புதியதொரு பொருள் கிடைக்கிறது. யார் நெய்தது என்று தெரியாத துணியை மலிவாக வாங்கி, மிஞ்சிய பணத்தில் முகமறியாத நெசவாளருக்கு நன்கொடை அனுப்புவதைவிட, அவருடைய துணியை நியாய விலைக்கு வாங்குவதே நேரிய உதவி என்ற நிலைக்கு இக்கருத்து இட்டுச்செல்கிறது. வாங்குதல் என்ற அன்றாடச் செயலுக்குள்ளேயே அறம் இருக்க வேண்டும். விலையில் பறித்ததைக் கொடையில் திருப்பித் தருவது அறமாகாது. காந்தியின் கதர்க் கொள்கையிலும் கிராமப் பொருளாதாரத்திலும் வேர்கொண்ட சிந்தனை இது என்றாலும், முதன்மைத் தேவைகளின் பட்டியலில் வங்கியைச் சேர்த்தது பட்டின் சொந்தப் பங்களிப்பு. காந்தியின் கிராமத்தில் இராட்டை இருந்தது. பட்டின் வட்டத்தில் இராட்டையோடு கணக்குப் புத்தகமும் இருந்தது.

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு மைலுக்குள் தண்ணீரே இல்லாத வறண்ட பகுதிகள் உள்ளன. அருகில் வாழ்பவர் எல்லாரும் நல்லவரும் அல்லர். சாதி வழியாகப் பிரிக்கப்பட்ட ஊரில், அண்மை என்பது பிணைப்பைப் போலவே ஒடுக்குமுறையையும் குறிக்கும். தலித் பெண் ஒருத்திக்குத் தொலைதூர நகரம் தன் கிராமத்தைவிட விடுதலை தருவதாக இருக்கலாம். 1981ஆம் ஆண்டின் அனுபவம் உடைய பட் இதை அறியாதவர் அல்லர் என்றாலும், அனுபந்த் கருத்தில் ஊரின் உள்முரண்கள் போதிய அழுத்தம் பெறவில்லை என்று கூற இடமுண்டு. அண்மையை மட்டும் நம்பாமல், தொழில்வாரியாகப் பெண்களைத் திரட்டிய சேவாவின் நடைமுறை, இந்த இடத்தில் அதன் நிறுவனரின் கோட்பாட்டைவிட ஒருபடி முன்னே நிற்கிறது.

அரசின் கடமையும் நிறுவனரின் விலகலும்

பரஸ்பர உதவியைப் போற்றும்போது எழும் மற்றொரு ஐயம், அது அரசின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கச் சாக்காகிவிடாதா என்பது. ஏழைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள் என்று கூறி, மருத்துவமனையும் ஓய்வூதியமும் தராமல் விட்டுவிடும் போக்கு உலகெங்கும் உண்டு. சேவா இந்தக் கண்ணியில் பெரிதும் சிக்காமல் இருந்தமைக்குக் காரணம், அது கூட்டுறவாக மட்டும் இல்லாமல் தொழிற்சங்கமாகவும் இருந்ததே. அகமதாபாத்தின் மாணிக் சவுக் சந்தையில் கூடை வைத்து விற்கும் பெண்களைக் காவலரும் மாநகராட்சியும் விரட்டியபோது, இரண்டு கூடை வைக்கும் இடம் என்ற கோரிக்கையோடு 1980களில் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு சென்றது. தெருவியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்கும் மையச் சட்டம் 2014இல் நிறைவேறியதில், நாடு முழுவதும் நடந்த இத்தகைய முயற்சிகளுக்குப் பங்குண்டு.

நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக இருந்த காலத்தில் பட்டின் தலைமையில் அமைந்த ஆணையம், 1988இல் ‘ஸ்ரமசக்தி’ என்ற அறிக்கையை வெளியிட்டது. உழைக்கும் இந்தியப் பெண்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் அமைப்புசாராத் துறையில் இருப்பதை அது நாட்டுக்குக் காட்டியது. வீட்டிலிருந்து வேலைசெய்வோருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியதன் பின்னணியிலும் சேவாவின் நெடிய முயற்சி உண்டு. அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஆகவே உறுப்பினருக்குள் உதவி, அரசிடம் உரிமை என்ற இரு தடங்களும் சேவாவில் ஒருங்கே ஓடின. ஒன்றை விட்டு ஒன்று நடந்திருந்தால், முதலாவது ஏழைகளின் மீது சுமத்தப்பட்ட கூடுதல் பாரமாகவும், இரண்டாவது வெறும் மனுக்கொடுக்கும் பழக்கமாகவும் முடிந்திருக்கக்கூடும்.

நிறுவனரின் தாராளம் எதில் தெரிகிறது என்பது இறுதியாக எழும் கேள்வி. மகசேசே விருது (1977), பத்மபூஷண் (1986) முதலிய சிறப்புகளும், நெல்சன் மண்டேலாவின் முயற்சியால் 2007இல் உருவான ‘எல்டர்ஸ்’ என்ற மூத்தோர் குழுவில் இடமும் பெற்ற பட், 1996இலேயே சேவாவின் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். சங்கத்தின் பேராளர்கள் தொழில்வாரியாக மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். வங்கியின் இயக்குநர் குழுவில் உறுப்பினரே பெரும்பான்மையினர். தம்மால் உருவான அமைப்பு தம்மையே நம்பியிருக்கும்படி வைத்துக்கொள்ளும் நிறுவனர், எவ்வளவு தந்தாலும் அதன் உயிரைத் தம் கையிலேயே வைத்திருக்கிறார். அதை விட்டுக்கொடுப்பதே நிறுவனரால் தரமுடிந்த மிகப்பெரிய கொடை.

2022 நவம்பர் 2 அன்று இலா பட் மறைந்தபோது சேவாவின் உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்தைக் கடந்திருந்தது. நன்கொடையாளரின் மனமாற்றமோ ஆட்சிமாற்றமோ நிறுத்திவிட முடியாதபடி, உறுப்பினரின் சந்தாவிலும் பங்கிலும் வாக்கிலும் அந்த அமைப்பு நிற்கிறது. ஏழைகளுக்கு உதவ விரும்பும் நிறுவனங்களும் அரசுகளும் கொடையின் அளவைப் பெருக்குவதற்கு முன், கொடுக்கப்படும் பொருளின் மீதும் கொடுக்கும் அமைப்பின் மீதும் பெறுபவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. அந்த உரிமை இல்லாத இடத்தில் தாராளம் கொடுப்பவரின் வசதியைப் பொறுத்தே நீடிக்கும். உரிமை உள்ள இடத்தில், கொடுப்பவர் விலகிய பின்னும் உதவி தொடரும்.